பாலன் வைக்காத குடில்

விளக்கைக் கையிலிருந்து விட்டதுமே பிரிட்டோ மனைவிக்குப் போன் அடித்தான்.

மாடியிலிருந்து அது அழகாக ஏறிக்கொண்டிருந்தது. மாதா கோயில் மைதானத்தில் இருக்கும் ஷெர்லின் தலையை நிமிர்த்தினால் போதும், தெரியும்.

மகனுக்கு முதல் கிறிஸ்துமஸ். அதற்காகவே ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு பறக்கும் விளக்கு.

தீப்பிடிக்கும் என்று இந்த வருடம் போலீஸ் தடை போட்டிருந்தது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அறிவிப்பை மைக்கில் வாசித்ததே இளைஞர் மன்றச் செயலாளர் பிரிட்டோதான்.

போனை எடுத்தது பாடல் குழுவின் ரோசரி அக்கா.

"ஷெர்லினா? புள்ளையத் தூக்கிட்டுக் குடில் பக்கம் போனா தம்பி. பால் கொடுக்கத்தான் இருக்கும்."

மைதானத்தில் மறைவான இடம் அது ஒன்றுதான். ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்குக் கீற்றும் வைக்கோலுமாக எழுப்பிய குடில். கைக்குழந்தைக்காரிகள் அங்கேதான் ஒதுங்குவார்கள்.

பிரிட்டோ சிரித்துக்கொண்டே போனை வைத்தான். அண்ணாந்து பார்த்தான்.

காற்று திரும்பியிருந்தது.

விளக்கு சாய்ந்து தாழ்ந்தது. காட்டூரின் மொட்டை மாடிகளைத் தாண்டி, நேராகக் கோயில் பக்கம்.

மறுபடி அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கே பாட்டு ஒத்திகை தொடங்கிவிட்டது. ஸ்பீக்கர் சத்தம் வீடு வரை அதிர்ந்தது.

செருப்பில்லாமல் ஓடினான்.

மதியம் எவனோ குடில் கூரையை நனைத்து வைத்திருந்தான். ஈரத்தில் சீரியல் பல்பு மாட்ட முடியாது என்று எலக்ட்ரீஷியன் முறுக்கிக்கொள்ள, பிரிட்டோதான் மன்றத்துப் பையன்களைத் திட்டி, வைக்கோலைப் பிரித்து வெயிலில் உலர்த்தி, திரும்ப வேய்ந்துவிட்டு வந்தான்.

இப்போது அப்பளமாகக் காய்ந்திருக்கும்.

"பூசை ராத்திரிக்குத்தானப்பா?" டீக்கடையில் நின்ற அமிர்தராஜ் கேட்டது முதுகில் விழுந்தது.

மைதானத்தில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடிலை நோக்கிப் பாய்ந்தவனை மன்றத்துப் பையன் ரஞ்சித் மடக்கிப் பிடித்தான்.

"எரிஞ்சா எரியட்டும்ணே. பாலனையே இன்னும் வைக்கல. உள்ள வெறும் பொம்மைங்கதான?"

குழந்தை இயேசுவின் சொரூபத்தை நள்ளிரவுப் பூசையில்தான் வைப்பார்கள். அதைத்தான் அவன் சொன்னான்.

பிரிட்டோ அவன் கையை உதறினான்.

விளக்கு குடிலின் முகட்டில் மெல்ல உட்கார்ந்தது.

புஸ்ஸென்று ஒரு சத்தம். கொஞ்சம் வெள்ளைப் புகை. காகிதம் சுருண்டு கருகியது.

வைக்கோல் பற்றவில்லை.

உள்ளே பாய்ந்தான். இடையர்கள், கழுதை, காலித் தீவனத் தொட்டி. வேறு யாருமில்லை. பிடரியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

பின்பக்கக் குழாயடியில் ஷெர்லின் நின்றாள். இடுப்பில் மகன். கையில் காலி வாளி. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"பீரோவுக்குப் பின்னால நீங்க ஒளிச்சு வச்சத நேத்தே பாத்துட்டேன்" என்றாள். "மதியம் ஊத்தினதக் காய வச்சுட்டீங்க. அதான் திரும்ப ஊத்தினேன்."

மகனை அவன் கையில் கொடுத்துவிட்டு, வாளியை மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தாள்.