முழு சார்ஜ்

அனிதா மேரி டார்ச்சை ஓங்கி வைத்த வேகத்தில் கடையின் கண்ணாடி மேசை அதிர்ந்தது.

"உம்ம பேட்டரிதான்யா எம் புருசனக் கொன்னுச்சு!"

கம்பம் மெயின் ரோட்டில் மாலைக் கூட்டம். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் படியில் அவளுடைய மாமியார் பிலோமினா, ஷட்டரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

கடைக்காரர் வைகுண்டராஜுக்கு ஆள் பிடிபடவில்லை. டார்ச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அனுமந்தன்பட்டி ஆண்டனி ராஜ் வாங்கியது. விடியுமுன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் கிணற்றில் விழுந்து செத்துப்போனான் என்று போன வாரம் யாரோ சொன்னார்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் எல்.இ.டி. டார்ச். சாதாரண பேட்டரி செல்லே போதும் என்றவனிடம், சார்ஜ் பேட்டரிதான் நின்று எரியும் என்று பேசி விற்றவர் அவர்தான்.

"மங்கி மங்கி அணைஞ்சிருந்தாலாவது சுதாரிச்சிருப்பாக. உம்ம பேட்டரி பொசுக்குன்னு செத்துருச்சு. இருட்டுல காலு வழுக்கி விழுந்துட்டாக. எடுத்தது எடுத்தபடி கொண்டாந்திருக்கேன், பாரும்!"

விலை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த பேட்டரியை மெதுவாக வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

வைகுண்டராஜுக்குச் சுரீரென்று ஏறியது. சாவு வீட்டுக்காரி, பொறுக்கலாம். அதற்காக நடுக்கடையில் கொலைகாரன் பட்டமா?

டார்ச்சைப் பிடுங்கிப் பின்மூடியைத் திருகினார். பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்தார்.

முழு சார்ஜ்.

திரும்பப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். பளீரென்று அவள் முகத்தில் வெளிச்சம் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"பாரு ஆத்தா! இதுல என்ன கோளாறு? கிணத்துல விழுந்த டார்ச்சா இது? உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல. எங்கன கெடந்துச்சு, சொல்லு?"



அவள் வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தாள். குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

"கிணத்து மேட்டுல துண்ட மடிச்சு, அதுக்கு மேல வச்சிருந்தாக அண்ணாச்சி. அணைச்சு வச்சிருந்தாக. எங்கத்த வாரதுக்குள்ள நான் எடுத்து மறைச்சுட்டேன். இப்ப வரைக்கும் அமுக்கிப் பாக்கல."

டார்ச் அவர் கையில் எரிந்துகொண்டே இருந்தது. அணைத்தார்.

"என்ன சொல்றாக மேரி?" என்று படியிலிருந்து பிலோமினா கேட்டாள்.

வைகுண்டராஜ் தொண்டையைச் செருமினார். வாசல்வரை கேட்கும்படி சொன்னார்.

"எரியுது, பொசுக்குன்னு அணைஞ்சு போவுது. பேட்டரி கோளாறுதான் ஆத்தா. தப்பு எம் பேர்லதான்."

பிலோமினா அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். "வெளிச்சம் இல்லாமத்தான எம்புள்ள விழுந்தான்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கைநிறைய மண்ணை அள்ளிக் கடைக்குள் தூற்றினாள். வைகுண்டராஜ் தலைகுனிந்து நின்றார்.

அனிதா மேரியும் ஏசத் தொடங்கினாள், முன்பைவிடச் சத்தமாக.

"பாவி! எங்கள ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவரைத்தான் ஏசுகிறாள் என்று கடையில் நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.