ஐந்துக்குப் பிறகு

அந்த ஆங்கிலேயக் கிராமத்தில் ஒருகாலத்தில் ஊரே ‘ஃபைவ்’ என்பதை ‘வைவ்’ என்றும், ‘சிக்ஸ்’ என்பதை ‘ஜிக்ஸ்’ என்றும்தான் சொல்லிவந்தது. ரயில் வந்தது, பள்ளிக்கூடப் பிரம்பு வந்தது. அந்த ஒலிகள் ஓய்ந்தன. மிஞ்சியவர் கிழவர் வால்டர் மட்டும். பக்கவாதத்தில் அவர் பேச்சும் நின்றுபோயிற்று.

லண்டனிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு வந்த ஆய்வு மாணவி நிவேதா, அந்த ஒலிகளில் ஒன்றாவது அவர் வாயிலிருந்து வராதா என்று பகல் முழுக்கக் காத்திருந்தாள். கிழவர் வாய் திறக்கவில்லை.

பதினாறு வருடமாகக் கிழவர் வீட்டில் வேலை செய்யும் புஷ்பராணிக்குப் பாவமாக இருந்தது. “பிள்ளை, நான் கதைக்கட்டே? பருத்தித்துறையாலை வரேக்கை எனக்கு ஒரு சொல் இங்கிலீசு தெரியாது. எல்லாம் இவரிட்டைப் பழகினதுதான்.”

“இல்லை அன்ரி, இங்கை பிறந்த ஆக்கள்தான் வேணும்.” நிவேதா கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

மருந்து நேரம் முடிந்து பயிற்சி நேரம். புஷ்பராணி வலிக்கும் இடுப்போடு குனிந்து, வால்டரின் செத்த கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். இரண்டாவது தடவையிலேயே முகம் சுளிப்பவர் இன்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “வோர்... வைவ்,” என்று எண்ணினாள். வைத்தியர் சொன்னது ஐந்துதான். கையை மடியில் வைத்தாள்.

கிழவர் நல்ல கையால் அந்தக் கையைத் தூக்கி மறுபடி அவளிடம் நீட்டினார்.

புஷ்பராணி பெருமூச்சு விட்டாள்.

“ஜிக்ஸ்,” என்றாள்.