மூன்று விரல்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயை அகலத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறாள் தபால்காரம்மா. விளக்கின் வெள்ளை வட்டம் முகத்தில் விழுகிறது. இரண்டு கன்னத்திலும் பஞ்சு. சுவரில் மாட்டிய டிவியில் இரண்டு பள்ளிக்கூடங்கள் வினாடி வினாவில் மோதுகின்றன. புள்ளிகள் சமம். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? கடிகாரம் டிக் டிக்கென்று ஓட, சீருடைப் பிள்ளைகள் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு திருதிருவென விழிக்கிறார்கள். “எல்லாத்துக்கும் ஒண்ணுதானே இருக்கும்?” என்கிறாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கும் நர்ஸ். தபால்காரம்மாவுக்கு விடை நாக்கு நுனியில் நிற்கிறது. அந்த நாக்கோ ஊசி போட்டு மரத்துக் கிடக்கிறது. சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது. சட்டென்று கையைத் தூக்குகிறாள். பல்லைக் குடையும் இயந்திரம் நிற்கிறது. “வலிக்குதாம்மா?” என்கிறார் டாக்டர். வலித்தால் கையைத் தூக்கச் சொன்னதே அவர்தான். இல்லையென்று தலையாட்டி, மூன்று விரல்களை டிவியை நோக்கி நீட்டுகிறாள். “மூணு பல்லு வலிக்குதா?” என்று பதறுகிறார். அப்போதுதான் திரையில் ஒரு சிறுமி பொத்தானை அழுத்தி, “மூன்று!” என்கிறாள். கைதட்டல். டாக்டர் விரல்களையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். “அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களே!” பஞ்சடைத்த வாயில் சிரிப்பு ஒரு பக்கமாக வழிகிறது. இயந்திரம் மறுபடி ஓடவில்லை. அடுத்த கேள்விக்காக மூன்று பேரும் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்கள்.