பச்சைப் புள்ளி

கத்தாரிலிருக்கும் கதிரவேல் தன் பெண்டாட்டி குமுதவல்லிக்கு ஒரு பேட்டரி வண்டி வாங்கித் தந்திருந்தான். வண்டி எங்கே போனாலும் அவன் போனில் ஒரு பச்சைப் புள்ளி நகரும். தினமும் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு பேசுவான். “வாய்க்கால் கரையோடவே போ புள்ள. மெதுவா போ, நானே போற மாதிரி இருக்கு.” மண்டையைப் பிளக்கும் சித்திரை வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள் அவன் சொன்ன வழியெல்லாம் போவாள். “எங்க வேணாலும் போ. ஒங்கம்மா வீட்டுப் பக்கம் மட்டும் புள்ளி போவக் கூடாது.” கல்யாணப் பந்தியில் வந்த சண்டை அது. மூன்று வருஷமாகியும் அவனுக்கு ஆறவில்லை.

குமுதவல்லியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. “வெயில்ல சுத்திக் கருத்துட்டியாமே, வந்து மூஞ்சியக் காட்டு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

குமுதவல்லி மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் வண்டியைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“என்ன, வண்டி ஒரே எடத்துல நிக்குது?”

“வெயில் தாங்கல மாமா. மரத்தடியில உக்காந்திருக்கேன்.”

“உக்காரு, உக்காரு. காத்து வருதா?”

“நல்லா வருது.” ஜன்னல் காற்றில் பறந்த முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். “எங்கம்மா போவணும்?”

போனில் அவன் சோறு மெல்லும் சத்தம் நின்றது. கண்டக்டர் இன்னொரு தடவை கேட்டார். குமுதவல்லி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள்.