வெடிக்காத ஐந்து

நகைக்கடன் கம்பெனி வாசல் காவல்காரர் ஐந்து தோட்டாக்களையும் கண்ணாடி மேசைமேல் வரிசையாக நிறுத்தினார்.

துப்பாக்கிக் கடை அன்வர் பாய் ஒன்றைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். நடுவில் ஊசி குத்திய பள்ளம். அடுத்ததிலும் பள்ளம். ஐந்திலும்.

"குத்தியிருக்குது. வெடிக்கல."

அவர் தலையாட்டினார்.

காலையில் கல்குவாரியில் சுட்டுக்காட்டச் சொல்லியிருந்தார்கள். நகைக்கடன் கம்பெனி மேனேஜர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தள்ளி நின்றார். காவல்காரர் ஐந்து தடவை விசையை இழுத்தார். ஐந்து தடவையும் வெறும் 'டிக்'.

கல் உடைக்கிறவர்கள் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பட்டாளத்துக்குப் போகுமுன் அவரும் அங்கே கல் உடைத்தவர்தான்.

"மிலிட்டரி, ஊதி விடு, வெடிக்கும்!" என்றாள் ஒருத்தி.

மேனேஜர் பஞ்சை எடுத்தார். திங்கட்கிழமை காலைக்குள் வெடிக்கிற தோட்டா. இல்லையென்றால் வாசலில் வேறு ஆள்.

பட்டாளம் கழித்துப்போட்ட துப்பாக்கி அது. ஓய்வுபெற்று வந்த வருஷம் ஏலத்தில் எடுத்தார். சொந்தத் துப்பாக்கி இருந்ததால்தான் இந்த வேலை. அது இல்லாவிட்டால் வாசலில் குச்சியோடு உட்கார்ந்திருக்கும் கிழவன், பாதிச் சம்பளம்.

தோட்டாவும் அந்த வருஷத்தது. பதினாலு மழைக்காலம் பார்த்துவிட்டது.

"இந்த சைசு இங்க செய்றதையே விட்டுட்டான் மிலிட்டரி. வெளிநாட்டுச் சரக்குதான் வருது. ஒண்ணு வாங்குற வெலைக்கு ஆட்டுக்குட்டி புடிச்சினு போயிடலாம்."

"கொறஞ்ச வெலையில எதுனா இருக்குமா பாய்?"

பாய் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். இறந்துபோன ஒரு சுபேதாரின் மனைவி ஒப்படைத்துவிட்டுப் போனது. அதே அளவு. அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாளாம். ஈரம் ஏறவில்லை.

விலை கேட்டார். கைக்கு எட்டுகிற விலைதான்.

கையை நீட்டினார்.

பொட்டலத்தின்மேல் வைத்த கையை பாய் எடுக்கவில்லை. "லைசென்ஸ் புக்கு?"

கொடுத்தார். அனுமதி: ஐந்து. கையிருப்பு: ஐந்து.

"வெடிச்ச தோட்டாவோட கூட்டக் கொண்டா, பதிலுக்குப் பதில் தர்றேன். இதுல ஒண்ணும் வெடிக்கலியே. சர்க்காருக்கு உன்கிட்ட அஞ்சும் உசுரோட இருக்குது."

"செத்துப்போச்சு பாய். நீயே பாக்குறியே."

"நான் பாக்குறேன். புக்கு பாக்கணுமே. கலெக்டர் ஆபீசுல எழுதிக் குடு. அவங்க வாங்கி அழிச்சிட்டு ஒரு காகிதம் தருவாங்க. ஆறு மாசம் ஆவும்."

அன்று சனிக்கிழமை.

மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தார். புளி, சாம்பல், தேங்காய் நார். இருபத்திரண்டு வருஷம் பித்தளை தேய்த்த கை. வெயில் ஏறுமுன் ஐந்தும் பவுன்போல மின்னின.

பள்ளம் மட்டும் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

இடுப்பு பெல்ட்டில் தோட்டாவின் கூர் கீழே இருக்க வேண்டும். அடிப்பக்கம் மேலே. பட்டாளத்தில் சேர்ந்த முதல் வாரம் ஒரே ஒரு தோட்டாவை மாற்றிச் செருகிவிட்டார். துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றவிட்டார்கள். வாந்தி எடுத்த பிறகும் விடவில்லை.

அறிவு கெட்டவன் செய்கிற வேலை என்றார்கள்.

ஐந்தையும் கூர் மேலே இருக்கும்படி செருகினார்.

பள்ளம் உள்ளே போய்விட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் ஸ்கூட்டரை நிறுத்தியதும் பெல்ட்டைத்தான் பார்த்தார்.

"பலே. புதுசு! கூரா நிக்குது பாருய்யா. இப்பத்தான் பாக்கவே பயமா இருக்குது."

தொட்டுப் பார்க்கவில்லை. குவாரிக்குக் கூப்பிடவில்லை. தலைமை ஆபீசுக்கு அனுப்பச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வேலை தப்பியது.

பதினொரு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். கைக்குட்டையில் நகை முடிச்சு ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பின்னால் அவள் புருஷன். பட்டாளத்தில் வெட்டுவதுபோல ஒட்ட வெட்டிய தலை. நாற்பது இருக்கும்.

படியில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றான்.

பெல்ட்டைப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். மறுபடி பெல்ட்டில் தலைகீழாய் நின்ற தோட்டாக்களை.

"இன்னா நின்னுட்ட? வா" என்றாள் அவள்.

அவன் வரவில்லை. ஒரு படி கீழே நின்றபடி, குரலை இறக்கிக் கேட்டான்.

"அண்ணே, நீங்க எந்த ரெஜிமெண்ட்டு?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் சொல்கிற பெயர். அதன் கொடிக்குக் கீழே செத்த இரண்டு பேரைத் தோளில் சுமந்து இறக்கியிருக்கிறார்.

கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார்.

"நா பட்டாளத்துல இருந்ததில்ல தம்பி."

சொல்லும்போது அவருடைய குதிகால்கள் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொண்டன.

அவன் அதையும் பார்த்தான்.

மனைவியின் கையிலிருந்து முடிச்சை வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.