ஒரு பிடி மண்

லின்வாலின் உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கையோடுதான் முரசை அடித்துக்கொண்டிருந்தான்.

கறுப்புத் தொப்பியும் கறுப்பு கவுனுமாக வந்து நின்ற அக்கா மெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தியோப்பியச் சக்கரவர்த்தியைக் கடவுளாகக் கும்பிடும் ரஸ்தாஃபாரிகள், அவர் முடிசூடிய நாளென்று காலையில்தான் நெருப்பு மூட்டி விழாவைத் தொடங்கியிருந்தார்கள். அதற்குள் கை கிழிய அடித்தாகிவிட்டது. பெற்ற தாய் அங்கே சர்ச்சில் பெட்டிக்குள் கிடக்கிறாள்.

"லின்வால், எந்திரிச்சு வா. பன்னெண்டு மணிக்கு அடக்கம்."

"நான் வரலக்கா. அடக்கம் பண்ற இடத்துல எங்க ஆளுங்க நிக்கமாட்டாங்க. உனக்குத் தெரியாததா?"

"அதெல்லாம் ஊரான் வீட்டுச் சாவுக்கு வச்சுக்க. இது அம்மாடா. 'என் மகன் வருவானா'ன்னு கேட்டுக்கிட்டேதான் கண்ண மூடுனா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சடைமுடி சரிந்து முகத்தை மறைத்தது. கை மட்டும் நிற்கவில்லை.

"இந்தச் சடைய வளத்தேன்னு அப்பா உன்ன வெளிய தள்ளுனாரு. அவருக்குத் தெரியாம, உங்க ஆளுங்க வழக்கப்படி உப்பில்லாம தனியா சமைச்சு உனக்குக் கொண்டுவந்தது யாரு? அவளுக்கு ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட உனக்கு மனசு வரல."

"நேரமாச்சுக்கா. நீ போ."

"போறேன். இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல."

வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள். இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரன் கூடப்பிறப்பானா என்று அவளுக்கு ஆறவேயில்லை.

சர்ச் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பாட்டுப் பாடி, ஜெபம் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அம்மாவைக் குழியில் இறக்கினார்கள். மகன் நிற்க வேண்டிய பக்கம் மெர்லீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, குழி வெட்டியவர்களுக்கென்று வைத்திருந்த ரம் பாட்டிலையும் ஆட்டுக்கறிக் குழம்பையும் எடுத்துக்கொண்டு அவர்களில் மூத்தவரான கிளாட்ஸ்டனிடம் போனாள். அவர் கை நீட்டவில்லை.

"வாங்கிக்கங்க கிளாட்ஸ்டன். இந்தப் பாறையில நாலு பேரும் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க."

கிளாட்ஸ்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இது எங்களுக்குச் சேராதும்மா. நேத்து விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும், எங்க ஒருத்தரையும் கடப்பாரையத் தொட விடல உங்க தம்பி."