நத்தையண்ணனின் உடல்நலம்

விமானத்துக்கென்று புதிதாக உருக்கிய உலோகக் கலவைத் துண்டு ஒன்றைச் சோதனைக்கூடத்தில் கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் போட்டார்கள். அங்கே ஒரு நத்தை இருந்தது.

"ஏய் நத்தை, உலையில வெந்தேன், சம்மட்டி அடி வாங்கினேன், வளையல. இன்னும் என்ன சோதனை?" என்றது உலோகம்.

"அதெல்லாம் நீ தாங்குவியான்னு பார்த்தது. இது உன்னை நான் தாங்குவேனான்னு பார்க்கிறது. நாலு நாள் நான் உயிரோட இருந்தா, உன்கிட்ட விஷம் இல்லைன்னு எழுதுவாங்க. அப்புறம் நீ பறக்கலாம்."

உலோகத்தின் குரல் இறங்கியது. "அண்ணே, சாப்பிட்டீங்களா?"

அதன்பின் மணிக்கொரு தரம் விசாரித்தது. மூன்றாம் நாள் நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கியதும், "அண்ணே, போயிடாதீங்க" என்று பதறியது.

"தூங்கவும் விடமாட்டியா?" என்று நத்தை கொம்பை நீட்டியது.

நான்காம் நாள் உலோகம் தேறிவிட்டது. இடுக்கி அதைத் தூக்கியபோது நத்தை, "போயிட்டு வா தம்பி" என்றது. உலோகம் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேறொரு துண்டு வந்து விழுந்தது. அது வாயைத் திறப்பதற்குள் நத்தை சொன்னது:

"நான் சாப்பிட்டாச்சு, தம்பி."